கூண்டு யாருடைய பட்டியலில்

தெர்னோவா, சஸ்காச்சுவான்
12 செப்டம்பர் 1977

அன்புள்ள தம்பி ஒரெஸ்டுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கார் ஓட்டினால் அது எப்படிக் குறையும்?

இங்கே அறுவடை பாதி முடிந்துவிட்டது. கோதுமை லாரிகள் தானியக் கோபுரத்திலிருந்து ரயில் பாதை தாண்டியும் வரிசையாக நிற்கின்றன. உன் அத்தான் வாசில் காலை ஆறு மணிக்குப் போனால் கோபுரமே கதி. லாரியை எடை போட வேண்டும், கோதுமையை உச்சிக்கு ஏற்றித் தொட்டிகளில் பிரித்துக் கொட்ட வேண்டும், ரயில் பெட்டி வந்தால் நிரப்ப வேண்டும். எல்லாம் அவர் ஒருவரே.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. போன செவ்வாய்க்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் படியில் வழுக்கிவிட்டது என்றார். சூப்பு ஊற்றிக் கொடுத்தபோது பார்த்தேன், இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. படியில் விழுந்தவருக்கு உள்ளங்கையில் கயிறு உரசிய காயம் எப்படி வரும்? கேட்டேன். "சும்மா இரு, அது ஒண்ணுமில்ல" என்றார்.

கோபுரத்துக்குள் உச்சிக்குப் போக ஒரு கூண்டு உண்டு. உனக்கே தெரியும். ஒரு ஆள் நிற்கலாம். கயிற்றை இழுத்தால் எதிர்ப்பக்கம் எடைக்கட்டிகள் இறங்கும், கூண்டு ஏறும். எழுபது அடி. அதன் பிரேக் பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன். வசந்தகாலத்திலேயே கம்பெனிக்கு எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். பதில் இல்லை.

நீ அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆய்வாளர். ஆபத்தான இயந்திரத்தை நிறுத்த உனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்வாயே. ஒருமுறை வந்து பார். நான் எழுதினேன் என்று வாசிலுக்குத் தெரிய வேண்டாம். வேலையும் வீடும் கம்பெனியுடையது. அவர் பயப்படுகிறார், ஆனால் கூண்டுக்கு இல்லை.

உன் அக்கா,
தெக்லா


ரெஜைனா
19 செப்டம்பர் 1977

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. முதுகு பரவாயில்லை. உன் சூப்பு இல்லாததால்தான் உடம்பு சரியில்லை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளங்கைக் காயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பிரேக் போய்க் கூண்டு விழும்போது மனுஷன் கையால் கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பான். இந்த மாதிரிக் கைகளை வேறு இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி யார்க்டன் பக்கம் வேலை இருக்கிறது. அப்படியே தெர்னோவாவுக்கு வருகிறேன். எதேச்சையாக வந்தது போல இருக்கட்டும். அதிகாரம் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் ஒரு சின்னக் காகிதச் சிக்கல் உண்டு. அது என் தலைவலி, உனக்கு வேண்டாம்.

வாசிலுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ஒரெஸ்ட்


தெர்னோவா
16 அக்டோபர் 1977

அன்புத் தம்பி,

நீ சுகமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? போன் செய்வாய் என்று பார்த்தேன். நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

நீ போன பிறகு வாசில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபுர வாசலில் உங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. நீ கூண்டுக்குள் குனிந்து பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, பையிலிருந்து அந்தச் சிவப்பு அட்டையை எடுத்துக் கம்பியில் கட்டினாய். 'மாகாண அரசின் உத்தரவு. பயன்படுத்தக் கூடாது.'

அவர் கேட்டார்: "நீ மச்சானா வந்தியா, அதிகாரியா வந்தியா?"

"ரெண்டும்தான்" என்றாய்.

"ரெண்டா இருக்க முடியாது. ஒண்ணச் சொல்லு. மச்சான்னா உள்ள வந்து சாப்பிடு. அதிகாரின்னா கார்ல ஏறு."

நீ காரில் ஏறினாய். உனக்காகச் செய்த பிரோகி, அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஐம்பதும் பாத்திரத்திலேயே ஆறிப்போனது.

ஆனாலும் உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். இப்போது ஏணியில் ஏறுகிறார். ஒரு நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை. முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். ஏறட்டும். ஏணி விழாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. கம்பெனியின் மேற்பார்வையாளர் கில்கிறிஸ்ட் வின்னிபெக்கிலிருந்து வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அட்டையைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

உன் அக்கா,
தெக்லா


தெர்னோவா
20 நவம்பர் 1977

ஒரெஸ்டுக்கு,

உடம்புக்கு ஏதும் இல்லையே? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆபீசுக்குப் போன் செய்தேன். நீ அந்தப் பிரிவில் இல்லை, பள்ளிக்கூடங்களில் கொதிகலன் பார்க்கப் போயிருக்கிறாய் என்று ஒரு பெண் சொன்னாள். எப்போதிலிருந்து கொதிகலன்?

கம்பெனி வக்கீலிடமிருந்து வாசிலுக்கு ஒரு நகல் வந்திருக்கிறது. மூன்று முறை படித்தேன். 'மாகாணத்தின் உத்தரவு ஆரம்பத்திலிருந்தே செல்லாதது' என்று இருக்கிறது. கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது.

இங்கே பனி ஒரு முழம் விழுந்துவிட்டது. நாங்கள் சுகம். எனக்குப் புரியும்படி எழுது.

தெக்லா


ரெஜைனா
4 டிசம்பர் 1977

அன்புள்ள அக்கா,

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். சுகமாக இருக்கிறேன். கொதிகலன் வேலை தற்காலிகம்தான். கைக்கு இதமாகத்தான் இருக்கிறது, இந்தக் குளிருக்கு.

புரியும்படி எழுதச் சொன்னாய். நான் புரிந்துகொண்டதையே எழுதுகிறேன். அது கொஞ்சம்தான்.

நம் நாட்டில் இரண்டு அரசாங்கம். 1867-ஆம் வருடச் சட்டத்தில் இரண்டு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒன்று ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுக்கு, ஒன்று மாகாணங்களுக்கு. ரயில், கப்பல், வங்கி எல்லாம் அவர்களுக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலையிடம் எல்லாம் நமக்கு. அதனால் ஒரு பட்டறையில் இயந்திரம் ஆபத்தானது என்றால் அதை நான் நிறுத்தலாம்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. ஒரு மாகாணத்துக்குள்ளேயே இருக்கும் வேலைத்தலத்தைக்கூட 'இது நாடு முழுவதற்கும் பொது நன்மை' என்று ஒட்டாவா அறிவித்துவிட்டால், அது அவர்கள் பக்கம் போய்விடும். நம் அப்பா காலத்திலேயே எல்லாத் தானியக் கோபுரங்களையும் அப்படி அறிவித்துவிட்டார்கள். தெர்னோவாவின் மண் சஸ்காச்சுவானுடையது, அதன் மேல் நிற்கும் கோபுரம் ஒட்டாவாவுடையது.

எங்கள் வக்கீல் சொல்வது வேறு. நீதிபதிகள் முதலில் ஒரு சட்டத்தின் சாரம் என்ன என்று பார்ப்பார்களாம். எங்கள் சட்டத்தின் சாரம் கோதுமை வியாபாரம் இல்லை, மனுஷன் உயிர். ஒரே விஷயத்துக்கு இரண்டு முகம் இருக்கலாம், இரண்டு அரசாங்கமும் தத்தம் முகத்தைப் பார்க்கலாம் என்கிறார். கம்பெனி வக்கீல் சொல்வது, ஒட்டாவாவின் கையில் இருக்கும் தொழிலின் உள்ளுறுப்பை மாகாணம் தொடவே கூடாது, நல்ல எண்ணத்தோடும் தொடக் கூடாது. கூண்டு ஓடாவிட்டால் கோபுரம் ஓடாது, ஆகவே கூண்டு உள்ளுறுப்பு. இரண்டு பேர் பேசுவதையும் கேட்டேன். கேட்கும்போது இரண்டுமே சரி என்று தோன்றியது.

விசாரணை பிப்ரவரியில். அதுவரை என் உத்தரவை நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டது. அதாவது அட்டையைக் கழற்றலாம். வாசிலிடம் ஏணியிலேயே ஏறச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
ஒரெஸ்ட்


தெர்னோவா
9 ஜனவரி 1978

அன்புத் தம்பி,

கிறிஸ்து பிறந்தார். ஏழாம் தேதி, நம் பழைய நாள்காட்டிக் கிறிஸ்துமஸுக்கு, உன் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தேன். கோதுமையும் தேனும் போட்ட குத்யாவும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். பனிப்புயல் என்று நீ தந்தி கொடுத்தது கிடைத்தது. இங்கே அன்று வெயில் அடித்தது.

உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். உன்னைக் கிண்டல் செய்யக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். வாசில் கூண்டோடு விழுந்தால் ஒட்டாவாவின் கூண்டில் விழுகிறார். அடியில் இருக்கும் தரை கோபுரத்தைச் சேர்ந்தது, அதுவும் ஒட்டாவா. அவரைத் தூக்கிக்கொண்டு போகும் சாலை மாகாணத்துடையது. ஆஸ்பத்திரியும் மாகாணத்துடையது. அப்படியென்றால் அவர் எந்த இடத்தில் கை மாறுகிறார்? வாசல்படியிலா?

ஒட்டாவாவுக்கு எழுதினேன். நல்ல தாளில் பதில் வந்தது. வின்னிபெக்கில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'விஷயம் நீதிமன்றத்தின் முன் இருப்பதால் எங்கள் ஆய்வை ஒத்தி வைத்திருக்கிறோம்' என்று வந்தது. ஒத்தி வைத்திருக்கிறோம் என்றால், முன்பு ஏதோ இருந்தது என்றுதானே அர்த்தம்? உனக்கு ஏதாவது தெரியுமா?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கில்கிறிஸ்ட் வந்தார். எங்கள் சமையலறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஏதோ காகித வேலை. காபி குடித்தார், என் கசகசாக் கேக்கைப் பாராட்டினார்.

வாசில் சுகம். அட்டையைக் கழற்றிவிட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா,
தெக்லா


ரெஜைனா
26 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை முடிந்தது. தீர்ப்பைப் பிறகு சொல்வார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நாலரை வரை பேசினார்கள். நீதிபதி நல்ல மனிதர் மாதிரி தெரிந்தது, அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருமுறை எங்கள் வக்கீலிடம் கேட்டார்: "நீங்க சொல்றபடி பாத்தா ரயில் எஞ்சின் டிரைவரோட சீட்டக்கூட மாகாணம் சரி பண்ணலாம், இல்லியா?" எங்கள் வக்கீல் தண்ணீர் குடித்தார்.

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் காகிதத்திலேயே இருந்தது. காகிதங்களை முழுவதும் படித்தேன். வாசிலின் வாக்குமூலத்தையும் படித்தேன். பதினோரு வருடமாகக் கூண்டு ஒரு தடவையும் தொந்தரவு கொடுத்ததில்லை என்று இருந்தது. கையால் எழுதியது. நன்றாக எழுதப்பட்டிருந்தது.

வேறு விசேஷம் இல்லை. கொதிகலன்கள் நன்றாக இருக்கின்றன.

ஒரெஸ்ட்


தெர்னோவா
22 மார்ச் 1978

அன்புத் தம்பி,

சுகமா? போன கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. இப்போது எழுத வேண்டியது நடந்துவிட்டது.

தீர்ப்பு நகல் பதினைந்தாம் தேதி வந்தது. உன் உத்தரவு செல்லாது. இது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். பத்தொன்பது பக்கம். வாசில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, "படி" என்றார். நான் சத்தமாகப் படித்தேன். அவருக்கு இங்கிலீஷ் பேச வரும், இந்த மாதிரி இங்கிலீஷ் எனக்கே வராது. ஆனாலும் நடுவில் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டார்:

"கூண்டப் பத்தி எங்க?"

"அவ்வளவுதான் வாசில். முடிஞ்சு போச்சு."

"அந்த பிரேக்கு. அது நல்லாருக்கா இல்லியான்னு எங்க சொல்லிருக்கான்?"

திரும்ப முதலிலிருந்து புரட்டினேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'கூண்டின் நிலை பற்றி இந்த நீதிமன்றம் எந்தக் கருத்தும் சொல்லவில்லை.' அதைப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தார். பிறகு சொன்னார், "நான் ஜட்ஜு அதத்தான் பாக்கறாருன்னு நெனச்சேன் தெக்லா. இத்தன நாளும் அதுக்குத்தான் காத்திருந்தேன்."

அடுத்த நாள் காலை போய்க் கூண்டின் கதவைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். இப்போது திரும்பவும் ஏணியில்தான் ஏறுகிறார்.

திங்கட்கிழமை கில்கிறிஸ்ட் வந்தார். நான் வாசிலுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"என்ன வாசில், கோர்ட்டுல நாம ஜெயிச்சாச்சே. இப்பப் போய் எதுக்கு ஏணி? ரயில் பெட்டி நெரப்ப ரெண்டு மடங்கு நேரம் ஆகுதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்லணும்னுதான் கோர்ட்டு சொல்லிருக்கு. கூண்டு நல்லாருக்குன்னு சொல்லலயே சார்."

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேப்பா, நல்லாருக்குன்னு."

வாசில் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிரித்துக் கூண்டின் கதவைத் திறந்தார்.

"நான் எழுதிக் குடுத்தத நம்புறீங்கள்ல சார்? அப்ப ஏறுங்க. ஒரே ஒரு தடவ. நீங்க மேல போய்ட்டு வந்துட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து நான் கூண்டுலயே போறேன்."

கில்கிறிஸ்ட் சிரித்தார். வாசில் சிரிக்கவில்லை. கில்கிறிஸ்ட் ஒரு காலை உள்ளே வைத்தார், கயிற்றைப் பிடித்தார், அண்ணாந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. தூசி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு காலை எடுத்துவிட்டார். "யார்க்டன்ல வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இனி என்ன நடக்கும் என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. நீயாவது எழுது.

தெக்லா


ரெஜைனா
3 மே 1978

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து உயிர்த்தார். பண்டிகைக்கு நீ அனுப்பிய பாஸ்கா ரொட்டி உடையாமல் வந்தது. ஆபீசில் யாருக்கும் கொடுக்கவில்லை.

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. உன்னிடம் இரண்டு விஷயம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அவற்றைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

முதலாவது. அக்டோபரில் அந்த அட்டையைக் கட்டும்போதே அது செல்லாது என்று எனக்குத் தெரியும். தானியக் கோபுரங்களை நாம் தொடக்கூடாது, வின்னிபெக்கில் இருக்கும் ஒட்டாவாவின் ஆபீசுக்குத் தகவல் மட்டும் அனுப்ப வேண்டும் என்று ஆகஸ்டிலேயே எங்களுக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. வாசலில் வாசில் கேட்டாரே, மச்சானா அதிகாரியா என்று. ரெண்டும்தான் என்றேன். அது பொய். அங்கே நான் மச்சான் மட்டும்தான். மச்சானுக்கு அட்டை கட்டும் அதிகாரம் கிடையாது.

இரண்டாவது. இதை எழுதத்தான் ஆறு வாரம் ஆனது. நீ ஜனவரியில் கேட்டாய், ஒத்தி வைத்திருக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று. அதற்கு முன்பே, டிசம்பரில் உனக்குப் பட்டியல்களைப் பற்றியெல்லாம் எழுதிய அந்த வாரமே, வின்னிபெக் ஆய்வாளரைப் போனில் பிடித்தேன். அவர் சொன்னார்: "தெர்னோவா எங்க லிஸ்ட்ல இருந்துச்சேப்பா. நவம்பர் பதினாலு. உங்க ஆர்டர் மேல கேஸ் வருதுன்னு எங்க வக்கீல் நிறுத்திட்டாரு. தீர்ப்பு வர்ற வரைக்கும் கிட்டப் போகாதேன்னுட்டாரு."

நான் அட்டையைக் கட்டாமல், உன் கடிதத்தை ஒரு உறையில் போட்டு அவருக்கு அனுப்பியிருந்தால், நவம்பரில் அவர் வந்திருப்பார். அவருடைய அட்டையை எந்தக் கோர்ட்டும் கழற்றியிருக்காது. குளிர்காலம் முழுவதும் வாசில் அந்தக் கூண்டில் ஏறியது என்னால்தான்.

எந்த அரசாங்கம் என்று இவ்வளவு பேர் சண்டை போடுவது வெறும் காகித விளையாட்டு என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அது சரி என்றும் நினைக்க முடியவில்லை.

வாசிலிடம் நீயே சொல். என்னால் முடியாது.

ஒரெஸ்ட்


தெர்னோவா
11 ஜூன் 1978

ஒரெஸ்ட்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். யார்மேல் கோபப்படுவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

அந்த வாக்குமூலம் என் கையால் எழுதியது. உனக்குத் தெரிந்திருக்கிறது. 'நன்றாக எழுதப்பட்டிருந்தது' என்று நீ எழுதிய இடத்தில் நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கில்கிறிஸ்ட் சொல்லச் சொல்ல வாசில் தலையாட்டினார், நான் எழுதினேன். "இது வெறும் பார்மாலிட்டி அம்மா, ஜட்ஜு எப்படியும் அவரே முடிவு பண்ணுவார்" என்றார். 'ஒரு தடவையும் தொந்தரவு கொடுத்ததில்லை' என்ற வரியில் பேனா நின்றது. வாசில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எழுது" என்றார். செப்டம்பரில் உனக்கு எழுதிய அதே மேசை.

நீ ஒன்றை மறைத்தாய், நானும் ஒன்றை மறைத்தேன். விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி பதினாலாம் தேதி, கூண்டு அவரோடு ஒன்பது அடி விழுந்தது. நடுவில் ஏதோ தடுத்து நின்றது. இரண்டு பல் போனது. உதட்டில் தையல். உனக்கும் எழுதவில்லை, கோர்ட்டுக்கும் சொல்லவில்லை. சொன்னால், முன்பு எழுதிக் கொடுத்தது என்ன ஆகும்? மூன்றாம் நாள் திரும்பவும் அதிலேயே ஏறினார். ஜட்ஜு சொல்வார், ஜட்ஜு சொல்வார் என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது செய்தியைக் கேள். வின்னிபெக் ஆய்வாளர் போன வாரம் வந்தார். மரியாதையான மனிதர். கூண்டைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் எழுதினார். பிரேக், கயிறு, சட்டகம் எல்லாமே மாற்ற வேண்டும், அதுவரை பூட்டு என்று தன் அட்டையைக் கட்டினார். அது மஞ்சள் நிறம். மறுநாளே கம்பெனியிடமிருந்து கடிதம். தெர்னோவா கோபுரத்தை ஜூலை முப்பத்தொன்றோடு மூடுகிறார்கள். கூண்டால் என்று இல்லை, ரயில்பாதையையே எடுக்கப்போகிறார்களாம், இரண்டு வருடமாகவே திட்டமாம். உண்மையாகவும் இருக்கலாம். இங்கே யாரும் நம்பவில்லை.

இனிமேல் எல்லோரும் கோதுமையை இருபத்திரண்டு மைல் கொண்டுபோக வேண்டும். கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று பவ்லோ ஸ்தெச்சிஷின் மனைவி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "உன் தம்பி கவர்மெண்டுல இருக்கான்னா, எங்க வயித்துலதான் அடிக்கணுமா?" எந்த கவர்மெண்டு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கே தெரியாது.

உன் கடிதத்தை வாசிலுக்கு வாசித்துக் காட்டினேன். வெளியே போய் விறகு பிளந்தார். ஜூன் மாதத்தில் விறகு எதற்கு?

உன்னை மன்னித்தேனா என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நீ என்னை மன்னித்தாயா என்றும் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தெக்லா


தெர்னோவா
17 ஜூலை 1978

ஒரெஸ்ட்,

வாசில் எழுதுவது. நான் பள்ளிக்கூடம் போனது நாலு வருடம். அதனால் இங்கிலீஷில் இல்லாமல் நம் தாய்மொழி எழுத்தில் எழுதுகிறேன். தெக்லா தோட்டத்தில் இருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நீ எழுதினதை அவள் வாசித்துக் காட்டினாள். சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தாள். அவள் குரல் மாறினதில் தெரிந்தது. பிறகு நானே எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று நாள் ஆனது.

நவம்பரில் வின்னிபெக் ஆளை வரவிடாமல் செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெக்லா சொல்கிறாள். கேள். அவன் நவம்பரில் வந்திருந்தால், கூண்டு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டிருப்பான். நல்லா இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். உன்னிடம் அப்படித்தான் சொன்னேன். கோர்ட்டிலும் அப்படித்தான் சொன்னேன். என் பொண்டாட்டியிடமே படியில் விழுந்தேன் என்று சொன்னவன் நான். அவன் என் பேச்சைக் கேட்டிருப்பானா, பிரேக்கைப் பார்த்திருப்பானா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதனால் அதை விடு.

வாக்குமூலத்துக்குத் தெக்லாவைக் குறை சொல்லாதே. நான் எழுதச் சொன்னேன்.

கனோராவில் சாலை போடும் வேலை கிடைத்திருக்கிறது. தரையில் நின்று செய்யும் வேலை. இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை வீட்டைக் காலி செய்கிறோம். ஊரில் யாரையும் உதவிக்குக் கூப்பிடுகிற நிலையில் நாங்கள் இல்லை. அவளும் உன்னைக் கூப்பிடமாட்டாள், எனக்குத் தெரியும்.

காலையிலேயே வா. ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு வராதே. அடுப்பு இரும்பு, தனியாகத் தூக்க முடியாது. முதலில் சாப்பிடலாம், பிறகு தூக்கலாம்.

வாசில்